சென்னை பாரிஸ் கார்னர் கட்டடங்கள காப்பாத்த வர்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கட்டடங்கள பாக்கற ஹெரிடேஜ் கமிஷனுக்கும், கட்டட அனுமதி கொடுக்கற சிஎம்டிஏவுக்கும், மாநகராட்சிக்கும் வணக்கம்.

ஜார்ஜ் டவுன்ல, அதான் நாம பாரிஸ்னு சொல்ற ஏரியாவுல, ஆண்டர்சன் தெரு பக்கம் பேப்பர் வியாபாரம் பண்றவன் எழுதுறேன். ஜார்ஜ் டவுன் பழைய கட்டடம்னு பேச்சு வந்தாலே ரெண்டு குரல்தான் கேக்குது. இடிச்சுட்டு காம்ப்ளெக்ஸ் கட்டுங்கறது ஒண்ணு, கடைங்கள காலி பண்ணிட்டு மியூசியமோ காபி ஷாப்போ வச்சு கலர் லைட்டு போடுங்கறது இன்னொண்ணு. ரெண்டு பேரும் எங்கள ஒரு வார்த்த கேக்கல, சரி போகட்டும்.

பழையபடி ஆக்கணும்னு சொல்றீங்களே, எந்த பழையபடி? எங்க ஏரியாவுல கட்டினப்ப என்ன வேலைக்கோ அதே வேலைக்கு கடைசி வரைக்கும் இருந்த கட்டடம் ரொம்ப கம்மி. ஐகோர்ட்டையே எடுத்துக்கோங்க, 1892ல கட்டி முடிச்சாங்க, 1894லேருந்து 1977 வரைக்கும் அந்த கோபுர உச்சியில கப்பலுக்கு லைட்டு எரிஞ்சுது, கீழ வாய்தா, மேல கலங்கரை விளக்கம். பச்சையப்பன் ஹால் கிரேக்க கோயில் மாதிரி தூண் வச்சு 1850ல படிப்புக்காக கட்டினது, காலேஜ் 1940ல சேத்துப்பட்டுக்கு போயிடுச்சு. அதுக்கு முன்னாடி 1937லயே கிறிஸ்டியன் காலேஜ் தாம்பரம் போயாச்சு. 1996ல கொத்தவால்சாவடி காய்கறி கோயம்பேட்டுக்கு போச்சு. ஆளு மாறும், சரக்கு மாறும், இங்க அது சகஜம். அதனால வேலை மாறுறத பாத்து பயப்படாதீங்க, என்ன வேலை, எவ்ளோ பாரம்னு பாருங்க.

பாரம்னு ஏன் சொல்றேன்னா, இங்க இருக்கற பழைய வீடெல்லாம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்து மேல மெல்லிசு செங்கல்ல நிறுத்தி குறுக்கால அடுக்கி சுண்ணாம்பு போட்டு, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேல தட்டோடு. ஒரு குடும்பம் படுத்து எழுந்திரிக்கறதுக்கு கட்டினது. இப்ப அந்த மாடியில பேப்பர் பண்டல உத்திரத்துக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் ஏத்தி வச்சிருக்கோம், ஏ4 ஒரு ரீமே ரெண்டு கிலோவுக்கு மேல, ஆயிரக்கணக்குல அடுக்கினா என்ன ஆகும்னு நீங்களே கணக்கு போடுங்க. மழைக்கு ஒழுகுதுன்னா கொத்தனாரு வந்து சிமெண்டு பூசிட்டு போயிடறாரு, உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு பூத்து காரை பொத்து பொத்துன்னு உதிருது, உத்திரத்தோட நுனி சுவத்துக்குள்ள இருக்கு பாருங்க, உளுத்துப் போறது அங்கதான் ஆரம்பிக்கும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

ஓனர் ஏன் கவனிக்கலன்னு கேப்பீங்க. 1960 வாடகை சட்டத்து காலத்துலேருந்து அதே வாடகையில உக்காந்திருந்த குடித்தனக்காரங்க ஒரு பக்கம், ஒரே வீட்டுக்கு பத்திருபது பங்காளிங்க கையெழுத்து ஒரு பக்கம். யாரு காசு போடுவா? தானா விழட்டும்னு காத்திருக்கறதுதான் லாபம், இத சொன்னா சில பேருக்கு கோவம் வரும்.

தடை வாங்கிட்டா கட்டடம் பொழச்சுடும்னும் நெனைக்காதீங்க. மவுண்ட் ரோடு பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங், 1897ல ஒரு மருந்து கம்பெனிக்காக கட்டினது, 2006ல இடிக்க ஆரம்பிச்சாங்க, கேஸாகி 2010ல ஐகோர்ட்டு கூடாதுன்னுடுச்சு, அப்புறமும் வருஷக்கணக்கா செடி மொளச்சு பூட்டியேதான் கெடந்துச்சு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மூர் மார்க்கெட்டு கதை அதுக்கும் மோசம், 1985ல எரிஞ்சுது, இப்ப அங்க ரயில்வே கட்டடம், வாசல்ல அதோட குட்டி மாடல் ஒண்ணு. மாடல் வைக்கறதுல நம்மள அடிச்சுக்க ஆளில்ல.

ஹெரிடேஜ் சட்டம் 2012ல போட்டது, அமுலுக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள எங்க தெருங்கள்ல எத்தனையோ திண்ணை ஷட்டராயிடுச்சு. இனிமேலாவது லிஸ்ட்டு போடுறதோட நிக்காம ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு இன்ஜினியர அனுப்பி மாடியில எவ்ளோ எடை வைக்கலாம்னு எழுதி ஒட்டச் சொல்லுங்க. மேல குடோன் கூடாதுன்னா கூடாதுதான், ஆனா ஊருக்கு வெளிய சரக்கு வைக்க எடமும், பகல்ல லோடு உள்ள வர நேரமும் கொடுங்க. அந்த மாடிய ஆபீஸாவோ லாட்ஜாவோ டியூஷன் சென்டராவோ மாத்த ஓனர் கேட்டா ஒரு வருஷம் அலைய விடாதீங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேஸ்திரிங்க பேரு நம்பரு வார்டு ஆபீஸ்ல கெடைக்கணும். இடிக்காம வச்சிருக்கறவனுக்கு டிடிஆர் கொடுங்க, அதாவது இங்க கட்டாம விட்ட அளவ வேற எடத்துல கட்டிக்கவோ வித்துக்கவோ உரிமை, மும்பைல 1995லயே ஹெரிடேஜ் ரூல்ஸ் வந்தாச்சு, அங்க டிடிஆர் கொடுக்கறாங்க, இங்க ஏன் முடியாது.

சர்வேக்கு வர்றதா இருந்தா தயவுசெஞ்சு ஞாயித்துக்கிழமை காலியா இருக்கும்னு கேமராவோட வராதீங்க. வேலை நாள்ல பதினோரு மணிக்கு வாங்க, மீன்பாடி வண்டியும் லோடு ஆளுங்களும் முட்டிக்கிட்டு நிக்கற நேரத்துல, மாடிப்படி ஏறிப் பாருங்க. நோட்டீஸ தமிழ்லயும் இந்திலயும் ஒட்டுங்க, சவுகார்பேட்டை ஆளுங்களும் படிக்கணும்ல. மொத கட்டடமா எங்க கடை மாடிய எடை போடுறதுன்னா எனக்கு சம்மதம், எவ்ளோ எறக்கச் சொல்றீங்களோ அவ்ளோ எறக்கிடறேன்.

இப்படிக்கு,
ஆண்டர்சன் தெரு பேப்பர் கடைக்காரன்