வேல்ஸின் அனிஸ் மோன் (ஆங்கிலத்தில் ஆங்கிள்சி) தீவில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சித் தலைமைகளுக்கும்

மதிப்புக்குரிய தலைவர்களே,

வணக்கம். உங்களில் ஒரு கட்சியின் துண்டறிக்கை போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இது இழுபறித் தொகுதியாம், என் ஒரு வாக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுமாம். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன், பாலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்த மடல். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவள், காமன்வெல்த் குடிமகள் என்ற முறையில் எனக்கும் இங்கே வாக்கு உண்டு.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தீவையும் வேல்ஸின் பெருநிலத்தையும் பிரிக்கும் மெனாய் நீரிணைக்கு மூன்றாவது பாலம் எந்த வருஷம் வரும், பணம் எங்கிருந்து வரும் என்று உங்கள் தேர்தல் அறிக்கையில் எழுத்தில் போடுங்கள்.

பின்னணி உங்களுக்கே தெரியும். இப்போதுள்ள இரண்டு பாலங்களில், 1826-இல் திறந்த தொங்குபாலத்தை 2022 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் திடீரென்று மூடினார்கள், அடுத்த பிப்ரவரியில்தான் திறந்தார்கள். 2025 அக்டோபரில் மறுபடியும் மூடினார்கள். பாலத்துக்கு வயசாகிவிட்டது, அதற்காக யாரையும் திட்ட முடியாது. ஆனால் அது மூடினால் மிச்சம் பிரிட்டானியா பாலம் ஒன்றுதான். இருபுறமும் நாலு வழியாக ஓடிவரும் ஏ55 சாலை, அதன்மேல் ஏறியதும் போக ஒன்று வர ஒன்று என்று சுருங்கிவிடும். காற்று பலமாக அடித்தால் உயரமான வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்.

எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி பாங்கரில், அதாவது அக்கரையில். மாரடைப்போ பிரசவச் சிக்கலோ, பாலம் தாண்டித்தான் ஆகவேண்டும். தொங்குபாலம் மூடிக்கிடக்கும் நாளில் ஹாலிஹெட் துறைமுகத்திலிருந்து வரும் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீல விளக்கு சுழன்றுகொண்டே இருக்கும், முன்னால் நிற்கும் லாரிக்காரர் வழிவிடத்தான் பார்ப்பார், ஒதுங்குவதற்கு அவருக்கு இடம் வேண்டாமா? தீவில் நாலில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2018-இல் மூன்றாவது பாலத்துக்கு வழித்தடம்கூட முடிவாகியிருந்தது. 2023-இல் சாலைத் திட்டங்களை மறுஆய்வு செய்தபோது அதையும் கைவிட்டார்கள், அதுவும் தொங்குபாலம் மூடித் திறந்த அதே மாதத்தில். ஊரே கொதித்தது.

எங்கள் வாக்குச் சரித்திரத்தை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். லிபரல், லேபர், கன்சர்வேடிவ், வெல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி என்று நாலு கட்சிக்கும் இந்தத் தீவு இடம் கொடுத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர்கள் என்று எங்களை எடைபோடாதீர்கள். 1951-இல் லிபரல் எம்பி மேகன் லாய்ட் ஜார்ஜை 595 வாக்கில் தோற்கடித்து லேபரின் கிளெட்வின் ஹியூஸ் வந்தார், 28 வருஷம் இருந்தார். அதற்கப்புறம் 2024 வரை பதவியில் இருந்த எந்த எம்பியையும் நாங்கள் தோற்கடித்ததில்லை, அவர்களாக விலகியபோதுதான் கட்சி மாறியது. லேபர் எம்பி ஆல்பர்ட் ஓவனை 2015-இல் 229 வாக்கு வித்தியாசத்தில்கூடக் காப்பாற்றினோம். ஆளைப் பார்த்து நம்புகிற ஊர் இது. அந்தப் பொறுமை 2024-இல் 637 வாக்கில் உடைந்தது, பதவியில் இருந்த கன்சர்வேடிவ் எம்பி தோற்று பிளைட் கம்ரியின் லினோஸ் மெடி ஜெயித்தார். அடுத்து வருகிறவர்களுக்கும் அந்தப் பொறுமை கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

பாலம் மட்டுமா? 2009-இல் அலுமினிய ஆலை போனது, 2015 கடைசியில் வில்வா அணுமின் நிலையம் நின்றது, 2023-இல் எங்கள் ஊர் லாங்கெவ்னியின் கோழிக்கறி ஆலை மூடி 700 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் படித்துவிட்டுக் கிளம்பிப் போகிறார்கள். 2011-க்கும் 2021-க்கும் நடுவில் மக்கள்தொகையே குறைந்துவிட்டது, வெல்ஷ் பேசுகிறவர்கள் 57.2 சதவீதத்திலிருந்து 55.8-க்கு இறங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் மகன் மான்செஸ்டருக்குப் போனால் பேரப்பிள்ளையின் வெல்ஷும் கூடவே போய்விடுகிறது, இதைச் சொல்லி அழுத பாட்டிமார்களை எனக்குத் தெரியும்.

சரி, பாலத்துக்கே வருகிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வேல்ஸுக்கு இருந்த 40 தொகுதிகளை 32 ஆக்கியபோதும், சுமார் 52,000 வாக்காளர்தான் என்றாலும், இது தீவு, அக்கரையோடு சேர்க்கக் கூடாது என்று 2020 சட்டம் எங்கள் தொகுதியைக் காப்பாற்றியது. வேல்ஸ் சட்டமன்றத்துக்கு மட்டும் 2026 தேர்தலிலிருந்து பாங்கர், கான்வியோடு எங்களைச் சேர்த்துவிட்டார்கள். தொகுதியே இப்போது நீரிணைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே தொகுதியாக்க முடிந்த உங்களுக்கு, இரண்டு பக்கத்தையும் நம்பிக் கடக்க ஒரு பாலம் போட முடியாதா?

தயவுசெய்து அடுத்த அறிக்கையில் வருஷத்தையும் தொகையையும் எழுதுங்கள். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள், படித்துவிட்டு நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். வேட்பாளரை வாசலுக்கு அனுப்பும்போது அந்தத் தாளையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
லாங்கெவ்னியிலிருந்து ஒரு வாக்காளர்