சான்றிதழில் வராத பிசிக்ஸ்

சத்துவாச்சாரி,
வேலூர்

கண்ணு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பேத்தி பெயருக்குக் கீழே ‘ஏபி ஸ்காலர் வித் ஹானர்’ என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்கூலிலேயே காலேஜ் பாடம் படித்து எழுதுகிற ‘ஏபி’ (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளுக்குக் கொடுக்கிற பட்டம். அம்மா அடுத்த நிமிஷமே அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். ஆற்காட்டுச் சித்தி, “ஹானர்னா டாக்டர் பட்டமா?” என்று கேட்டாளாம். அவளுக்கு விளக்கம் சொல்லத்தான் அந்தப் பட்டத்தின் விதிமுறையைத் தேடிப் படித்தேன். படித்ததும் உனக்கு எழுதணும் என்று தோன்றியது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய்.

“ஒரே ஒரு மார்க்குல டிஸ்டிங்ஷன் போச்சு நைனா” என்று சொன்னாய். பிசிக்ஸில் 2 வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாய்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மார்க் 1 முதல் 5 வரை. மூன்று தேர்வில் 3-க்குக் குறையாமல் வாங்கினால் ஸ்காலர். நான்கு தேர்வில் அப்படி வாங்கி, எழுதிய எல்லாத் தேர்வுக்கும் சேர்த்துச் சராசரி 3.25 வந்தால் ஹானர். ஐந்து தேர்வு, சராசரி 3.5 என்றால் டிஸ்டிங்ஷன். அவள் வாங்கியது 5, 4, 4, 3, 2. மொத்தம் 18, சராசரி 3.6. டிஸ்டிங்ஷனுக்கு வேண்டிய சராசரி இருக்கிறது, ஐந்தாவது 3 தான் இல்லை. இதுவரை உன் கணக்கு சரி. இன்னொன்றையும் போட்டுப் பாரு. பிசிக்ஸ் பக்கமே போகாமல் அவள் நான்கோடு நிறுத்தியிருந்தால் சராசரி சுத்தமாக 4. பட்டம்? அப்போதும் இதே ஹானர்தான்! ஒரு வருஷம் அந்தப் பாடத்தோடு அவள் மல்லுக்கட்டியதை அந்தக் காகிதம் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. இந்தத் தேர்வுகளை நடத்துகிற ‘காலேஜ் போர்டு’ அமைப்பைக் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான பிள்ளைகளை மார்க்கை வைத்துத்தான் அளக்க முடியும். ஒரே வீட்டில் அவளோடு இருக்கிற உனக்கென்ன? ராத்திரி பதினொரு மணிக்கும் அவள் அறையில் விளக்கு எரிகிறது என்று புலம்பியது நீதானே?

காலேஜ் பாடத்தை ஸ்கூலிலேயே படிக்கிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் படித்த காலத்தில் இங்கே ஸ்கூல் முடிகிற இடமே வேறு. பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அதற்குமேல் பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பு படிக்கக் காலேஜ்தான் போகணும். பதினாறு வயதில் ஊரீசு கல்லூரிக்குப் போனேன். ஜனாதிபதியாக இருந்த ராதாகிருஷ்ணன் படித்த கல்லூரி என்று உங்கள் தாத்தாவுக்கு ஒரே பெருமை. உள்ளே போனால் பிசிக்ஸ் முழுக்க இங்கிலீஷ். விசை, உந்தம் என்று தமிழில் படித்துவிட்டு வந்தவன், நோட்டில் என்ன எழுதுகிறேன் என்றே தெரியாமல் எழுதினேன். லெக்சரர் மணியடித்தால் போய்விடுவார், சந்தேகம் கேட்கப் பயம். என் கூட்டாளிகளில் பலருக்குப் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் உண்டு.

1978-ல் பிளஸ் டூ வந்ததும் அந்தப் படிப்பு ஸ்கூலுக்குள் வந்துவிட்டது. குடியாத்தத்தில் நான் பிசிக்ஸ் நடத்தியபோது, புரியாத பையன் சாப்பாட்டு வேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பான். அவனுக்கு அது போதும். 1955-லிருந்து நடக்கிற இந்த ஏபி ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததும் அதுதான்: பாடம் காலேஜுடையது, வாத்தியார் தெரிந்தவர். 3, 4 வாங்கியிருந்தால் அந்தப் பாடத்தை மறுபடி படிக்கத் தேவையில்லை என்று பல கல்லூரிகள் விட்டுவிடுமாம். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுகிறது. மாப்பிள்ளையை விசாரித்து வைக்கச் சொல்லு.

அவளுடைய பிசிக்ஸ் பாடத்திட்டத்தையும் பார்த்தேன். திருப்பு விசை, நிலைமத் திருப்புத்திறன், கோண உந்தம். நம்ம பிளஸ் ஒன் பாடம்! இங்கே தனியார் பள்ளிகள் பலவற்றில் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் அரைப்பார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பையன் ஒருவன் நீட்டுக்குப் படிக்க என்னிடம் வந்தான். உருளுகிற சக்கரம் தரையைத் தொடுகிற புள்ளியின் வேகம் என்ன என்று கேட்டேன், முழித்தான். பாவம், அவன் போட்டோ காட்பாடி ரோட்டில் ஆளுயர பிளெக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நல்ல காரியம்தான். பிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பாராட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. இங்கே வி.ஐ.டி.யில் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று அரசுப் பள்ளியில் பிளஸ் டூவில் முதலாக வந்தவர்களைச் செலவில்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் காசில்லாத பிள்ளைக்கு அந்தப் பாராட்டு நாலு வருஷத்துக்குச் சோறும் போடும். உங்கள் சான்றிதழோடு பணம் ஒன்றும் வராது, விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். எழுதட்டும், அவள் உழைத்து வாங்கியது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான். மாட்டும்போது பிசிக்ஸ் மார்க்கைப் பற்றி முகத்தைச் சுளிக்காதே, அவ்வளவுதான்.

சின்னவன் விஷயம். அவனுக்கு இப்போதே ஏழு பாடம் குறித்து வைத்திருக்கிறாயாம். அக்கா தவறவிட்ட டிஸ்டிங்ஷனைத் தம்பி வாங்கணுமா? அவன் அதற்காகவா பிறந்தான்? ஏழு என்கிற எண் எங்கிருந்து வந்தது என்று நீயே யோசி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடிக்கும் என்று என்னிடம் சொன்னான், அதில் ஆரம்பிக்கட்டும். யார் நடத்துகிறார்கள், கேட்டால் பதில் சொல்கிற ஆளா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய். சும்மா எண்ணிக்கைக்காகச் சுலபமான பாடமாகப் பொறுக்கி அடுக்குகிற புத்தியை அவனுக்குப் பழக்கிவிடாதே. அப்படிப் படித்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பிசிக்ஸை வருகிற மே மாதம் மறுபடி எழுதலாமாம். எழுதுவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். நீ பேச்செடுக்காதே, நானும் எடுக்க மாட்டேன்.

அம்மா கூழ்வடகம் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் கேட்டாயாம், அதை எப்படியம்மா அனுப்புவது? ஊருக்கு வா, தினமும் வாங்கி வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் பேத்தியிடம் கொடு. அவளுடைய பழைய பிசிக்ஸ் நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லு. சாய்தளத்தில் உருளையும் கோளமும் ஒன்றாக உருட்டிவிட்டால் எது முன்னால் வரும், ஏன் என்று அவளிடம் கேட்கணும்.

இப்படிக்கு,
உன் நைனா