கயலுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஊரார் கூடி ஏரி, கண்மாய்களைச் செப்பனிடும் குடிமராமத்தைப் பற்றிய உன் ஆய்வேட்டில், முன்பு வந்த ஆய்வுகளைப் பேசும் இரண்டாம் அத்தியாயத்தைக் கைடு திருப்பிக் கொடுத்தது அத்தை சொல்லித்தான் தெரியும். அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

நீ அவளுக்கு அனுப்பிய பக்கங்களை வாங்கிப் படித்தேன். வேட் 1988, ஆஸ்ட்ரம் 1990, மோஸ் 2003 என்று பத்திக்கு ஓர் ஆய்வாளர், ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறார்கள். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் என்ன பதில் சொல்கிறார் என்பதே இல்லை. காலேஜ் லைப்ரரியில் எத்தனை ஆய்வு மாணவர்களைப் பார்த்தவன் நான்! உனக்கு இதைச் சொல்லாமல் இருப்பேனா?

'ஆங்கிலேயர் வந்து குடிமராமத்தை அழித்தார்கள்' என்று எழுதிவிட்டு மோஸைச் சான்று காட்டியிருக்கிறாய். ஊரே ஒற்றுமையாகக் கூடி ஏரியைக் காத்தது என்ற சித்திரத்தை உருவாக்கியதில் காலனிய அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு என்று வாதாடுகிறவர் அல்லவா அவர்? சிவகங்கைப் பக்கக் கண்மாய்களில் சாதியும் அதிகாரமும் மரியாதையும் எப்படிப் பின்னியிருந்தன என்று காட்டியவர். யாரோ எழுதியதிலிருந்து அவர் பெயரை எடுத்திருக்கிறாய். மூலத்தைப் படிம்மா.

1858-ல் மதராஸில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. குடிமராமத்துக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க அதில் வழி இருந்தது. பழக்கம் அதற்கு முன்பே தளர்ந்திருந்ததா, அரசு கைவைத்ததால் தளர்ந்ததா? அந்தக் கேள்வியைத் தலைப்பாக வை. யார் எந்தப் பக்கம், எந்த ஆதாரத்தோடு, எந்த ஊரை வைத்துப் பேசுகிறார்கள் என்று எழுது. எதை யாருமே கேட்கவில்லை என்பது அங்கேதான் தெரியும், உன் ஆய்வுக்கான இடமும் அதுதான்.

தேடும்போது 'டேங்க்' என்று மட்டும் போடாதே. ஏரி, கண்மாய், குளம் எல்லாம் போட்டுப் பார், எந்தச் சொல்லை எங்கே என்றைக்குத் தேடினாய் என்று குறித்துவை. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியல் வழியாகப் பின்னே போ, கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியாக முன்னே போ. ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. குறிப்பை உன் வார்த்தையில், பக்க எண்ணோடு எழுது. யுஜிசியின் 2018 விதிப்படி பத்து சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் சிக்கல். அப்புறம், மூலத்தைப் படி.

நீர்ப்பாய்ச்சியிடம் பேசி நீ எழுதிய பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மடை திறக்கும் முறையை அவர் சொல்வதைக் கேட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதத் தெரிந்த பெண், படித்ததை எழுத மட்டும் இத்தனை அவசரப்படலாமா?

கைடிடம் இன்னும் கொஞ்சம் நாள் கேள். எந்த முடிவானாலும் இந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதிவிட்டு எடு. இல்லை, அதற்கு முன்பே பேச வேண்டும் என்றால் பஸ் ஏறி வந்துவிடு, எந்த நேரமானாலும் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன். இன்று ராத்திரி போன் செய்வேன், எடு.

அப்பா