கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கேன்சஸ் சிட்டித் தமிழ்ச் சொந்தங்களுக்கும் எங்கள் வார்டின் இரவு ஷிப்ட் நண்பர்களுக்கும்,

வணக்கம். நான் நர்ஸ் வேலை பார்ப்பவள், கோயம்புத்தூர்க்காரி. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவள். ஊரார் மார்மன் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அதனால் நான் பட்டது உங்களில் பலருக்குத் தெரியும். நான் கொடுத்த புகாரின் மீது விசாரணை முடிந்து முடிவும் எழுத்தில் வந்துவிட்டது. இனி வாய்விட்டு நன்றி சொல்லலாம்.

"நீ எத்தனையாவது பெண்டாட்டி?" என்ற கேள்வி எனக்குப் பழகிப்போனது. எங்கள் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது 1890ல். என் பாட்டியின் பாட்டி காலம் அது. ஆனால் உடை மாற்றும் அறையில் நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை. ஆலயத்தில் உடன்படிக்கை செய்துகொண்ட நாங்கள் உள்ளே ஓர் எளிய வெள்ளை உடை அணிவோம். அதைக் கேலி செய்யும் படம் ஒன்று ஒருநாள் என் லாக்கர் கதவில் இருந்தது. நான்கு மூலையிலும் சுருக்கமில்லாமல் டேப் ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை. ஒருவர் கழுத்துத் தாலியையோ பூணூலையோ தலையில் போடும் ஹிஜாபையோ இப்படிப் படம் போட்டு ஒட்டுவார்களா?

அதற்குப் பிறகு ஷிப்ட் பொறுப்பு எனக்குக் கிடைக்காமல் போனது. "நோயாளிகளிடம் மதம் பரப்புவாய்" என்றார்கள். நோயாளிகளே கேட்டாலொழிய எந்தக் கட்டிலருகிலும் நான் ஜெபித்ததில்லை.

நம்மவர்கள் சிலரும் ஜெபக்கூட்டத்தில் என்னைக் "கள்ள உபதேசக்காரி" என்றார்கள். அந்நியர் சொன்னதைவிட அதுதான் அதிகம் வலித்தது. 1960களிலேயே கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். நம் ஊருக்கு இது நேற்று வந்த விசுவாசம் அல்ல.

நாகர்கோவில் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் ஆர்.சி. கோயில் பாடகர் குழுவில் பாடுபவர். என் சபையின் போதனை எதுவும் உங்களுக்கு ஒப்புதல் இல்லை, அதை என் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறீர்கள். ஆனாலும் அந்தப் படத்தைக் கிழித்துப் போடப்போன என் கையைப் பிடித்து, "இரு, முதலில் போட்டோ எடு, தேதியைக் குறி" என்றீர்களே, கடைசியில் என் வழக்குக்கு ஆதாரம் அதுதான். 1833 முதல் எங்களுக்குள்ள 'ஞான வார்த்தை' என்ற உடல்நலக் கட்டளைப்படி நாங்கள் காபியும் டீயும் குடிப்பதில்லை. நம் வீடுகளில் டீ வேண்டாம் என்றாலே மனம் சுணங்கிப்போகும். நீங்களோ ஒரு வார்த்தை கேட்காமல் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைத்து, தனி பிளாஸ்கில் கொண்டுவந்தீர்கள். மூடியில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தீர்கள்.

எங்கள் சார்ஜ் நர்ஸ் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இதை யாராவது அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். அவர் நாமிருக்கும் இந்த மிசௌரி மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த பாப்டிஸ்ட். சாப்பாட்டு அறையில் கேலி முற்றிய ஒரு ராத்திரி அவர் எழுந்து நின்றார். மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும், இல்லையேல் மாநிலத்தைவிட்டுத் துரத்த வேண்டும் என்று 1838ல் இதே மிசௌரியின் ஆளுநர் பாக்ஸ் போட்ட உத்தரவை எடுத்துச் சொன்னார். 1976ல்தான் ஆளுநர் பாண்ட் அதை ரத்து செய்தார் என்றும் சொன்னார். "நான் பிறந்தபோதும் அந்த உத்தரவு ஏட்டில் இருந்தது. என் ஷிப்டில் அது திரும்பி வராது" என்றார். பிறகு விசாரணையில் மேலதிகாரிக்கு எதிராகக் கையெழுத்திட்டுச் சாட்சியும் கொடுத்தார். ஓய்வுபெற அதிக காலம் இல்லாத ஒருவர் அப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மூச்சு சிகிச்சைப் பிரிவுத் தம்பி, மருத்துவமனைக்கு ஞாயிறு கிடையாது. அன்று நோயாளிகளைப் பார்ப்பதை என் சபையும் தடுப்பதில்லை. நான் கேட்டதெல்லாம் காலை ஆராதனைக்கு இரண்டு மணி நேரம். அதையும் மறுத்தபோது, "வெள்ளி ஜும்ஆவுக்கு எனக்கு விட்டுக்கொடுத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியும் அக்கா" என்று சொல்லி, உங்கள் பிரிவிலும் என் பிரிவிலும் ஆட்களைப் பிடித்து மாற்றுப் பட்டியலே போட்டுவிட்டீர்கள்.

சட்டத்தை விளக்கிய தோழி, உங்களுக்கும் நன்றி. 1964ஆம் ஆண்டு அமெரிக்கச் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு வேலையிடத்தில் ஒருவரின் மதத்தையும் காக்கிறது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிறு வேலை பற்றிய ஒரு தபால் ஊழியரின் வழக்கில், 2023ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பையும் நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள். மத வழிபாட்டுக்காக ஊழியர் கேட்கும் சலுகையைச் சிறு அசௌகரியத்தைக் காட்டி முதலாளி தட்டிக்கழிக்க முடியாது, செலவும் சிரமமும் கணிசமாக இருந்தாக வேண்டும் என்கிறது அது. அந்தப் பக்கத்தை மேசையில் வைத்த பிறகுதான் பேச்சின் தொனியே மாறியது. இதுபோல் அவதிப்படுகிறவர்கள் முதலில் நாட்களை எண்ணுங்கள். புகார் கொடுக்கக் கெடு உண்டு. மிசௌரி மனித உரிமை ஆணையத்துக்கு 180 நாள்தான்.

இப்போது ஷிப்ட் பொறுப்பு என்னிடம் இருக்கிறது, பட்டியல் போடுவதும் நானே. தீபாவளி ராத்திரிக்கும் பெருநாள் ராத்திரிக்கும் என் பெயரை எழுதிவிட்டேன். அக்கா, கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசையில் நீங்கள் பாட வேண்டும். அன்றைக்கு யாரை வைப்பது என்று இந்த வாரமே பேசிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் கோயம்புத்தூர்த் தங்கை