'ஹார்ட்லேண்ட்' படமும் எலினோரின் நிலமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உலக சினிமா பகுதியில் 'ஹார்ட்லேண்ட்' (1979) படத்தைப் பற்றி வெளியான கட்டுரையில், "கணவனின் பண்ணையில் ஒரு மனைவி கழிக்கும் நாட்களைத் தவிர இப்படத்தில் வேறெதுவும் நிகழ்வதில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தது முதல் என் மனம் ஆறவில்லை.

படத்தின் நாயகி எலினோர் அந்தப் பண்ணைக்கு மனைவியாக வரவே இல்லை. சிறு மகளை அழைத்துக்கொண்டு, சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்ய, 1910-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்கு வந்து சேரும் கைம்பெண் அவர். தனக்கென்று ஒரு நிலம் வேண்டும் என்ற அவருடைய வேட்கையை எடுத்துவிட்டால் அந்தப் படமே இல்லை. பண்ணைக்காரர் கிளைட் ஸ்டூவர்ட்டுடன் திருமணம் நடப்பது அதன் பிறகுதான். கட்டுரையாளர் இந்த வரிசையையே தலைகீழாக்கிவிட்டார்.

1862-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்ற நிலச் சட்டம் தாங்கள் அறியாததல்ல. 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் 160 ஏக்கர் அரசு நிலத்துக்குத் தம் பெயரிலேயே மனுச் செய்ய அது அன்று இடம் தந்தது. ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிரிட்டுக் காட்டினால் நிலம் அவர்களுக்குச் சொந்தமானது. கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. இப்படம் எவருடைய கடிதங்களை அடிப்படையாகக் கொண்டதோ, அந்த எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட் 1909-இல் மனுச் செய்து, அதே ஆண்டில் கிளைடை மணந்து, 1912-இல் அந்த உரிமையைத் தன் மாமியாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. டென்வர் நகரில் தாம் முன்பு வேலை பார்த்த வீட்டு அம்மையாருக்கு எழுதிய கடிதங்கள் 1914-இல் நூலாக வந்து அவருக்குப் புகழ் தந்தன; நிலப் பட்டா மட்டும் அவர் பெயருக்குக் கடைசிவரை வரவில்லை. இவ்வளவும் அடங்கிய ஒரு வாழ்க்கையை "வேறெதுவும் நிகழ்வதில்லை" என்று எழுத எப்படி மனம் வந்தது?

என் கணவரின் வேலை காரணமாக வயோமிங்கில் பல ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். எங்களுக்கு அடுத்த பண்ணையின் மூதாட்டி, மாடுகள் கன்று ஈனும் பருவத்தில், பனி உறைந்து கிடக்கும் நடுநிசியில் விளக்கோடு தொழுவத்துக்குப் போய்வருவார். ஒரு கன்று விறைத்துச் செத்தால் அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டார். திருமணத்துக்கு முன்பே தம் பாட்டி பெற்ற நிலப் பட்டாவைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, கைகளைத் துடைத்துக்கொண்ட பிறகே என்னிடம் நீட்டினார். அந்தக் குளிரையும் காற்றையும் அனுபவித்தவர்களுக்கு, படத்தில் குளிர்காலத்தில் கால்நடைகள் மடிவதும், குழந்தை இறப்பதும், இறுதியில் ஒரு கன்று பிறப்பதும் நிகழ்ச்சிகளாகத் தெரியாமல் போகாது.

என்னைப் புண்படுத்தியது அந்த ஒரு வரி மட்டுமல்ல. துப்பாக்கிச் சண்டைக்கு இடமே இல்லாத இந்தப் படத்துக்கு, குதிரை மேல் துப்பாக்கியோடு பாயும் வீரனின் ஓவியத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மேற்கு என்றாலே இந்த ஓவியம்தான் என்பது தங்கள் அலுவலகத்தில் நெடுநாள் வழக்கமாகிவிட்டது. முன்பொரு முறை இதையே சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்தில் பாராட்டு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். இக்கட்டுரை அந்த நிலத்தை "யாருமற்ற பாழ்நிலம்" என்றும் சொல்கிறது. வயோமிங்கின் தென்மேற்கில் எலினோர் வாழ்ந்த பகுதி அமெரிக்கப் பழங்குடியினரான ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடமாடிய மண்; 1868-ஆம் ஆண்டு ஃபோர்ட் பிரிட்ஜர் உடன்படிக்கைக்குப் பிறகே அவர்கள் விண்ட் ரிவர் ஒதுக்கிடத்துக்குள் அடக்கப்பட்டார்கள்.

பெண்கள் எழுதியும் தயாரித்தும் உருவாக்கிய படங்களில் இயக்குநர் பெயரை மட்டும் எழுதி நிறுத்துவதும் தங்கள் பக்கங்களில் தொடர்ந்து நடக்கிறது. ரிச்சர்ட் பியர்ஸ் நன்றாக இயக்கினார், மறுக்கவில்லை. ஆனால் பெரிய ஸ்டுடியோ எதன் பின்பலமும் இன்றி, மொழி, வரலாறு போன்ற துறைகளுக்கான அமெரிக்க அரசு நல்கையைப் பெற்று, அண்டை மாநிலமான மொன்டானாவில் இப்படத்தைச் சாத்தியமாக்கியவர்கள் பெத் ஃபெரிஸ், ஆனிக் ஸ்மித் என்ற இரு பெண்கள். திரைக்கதையிலும் பெத் ஃபெரிஸின் உழைப்பு இருக்கிறது. 1980-இல் பெர்லின் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கக் கரடியைப் பகிர்ந்துகொண்ட படம் இது. விருதுச் செய்திக்கு இடம் ஒதுக்கிய கட்டுரையில் இவ்விருவருக்கும், எலினோராகவே வாழ்ந்து காட்டிய கொஞ்சாட்டா ஃபெரலுக்கும் ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. எலினோர் தன் பெயரில் நிலம் பெற முயன்றவர் என்பதையும், அந்த இரு தயாரிப்பாளர்களின் பெயர்களையும் அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாக வெளியிடுங்கள். இக்கடிதத்துக்கு இடமில்லை என்றால் விட்டுவிடலாம். வெளியிடுவதானால் இம்முறை வெட்டாமல் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி