லியூ ஷாவோசி: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் பெயர் சூட்டு விழாவுக்கு வர முடியாமல் போனதில் எனக்கு ரொம்ப வருத்தம். முழங்கால் இன்னும் பஸ் படி ஏற விடவில்லை. பொங்கல் கழிந்ததும் கட்டாயம் வருகிறேன்.

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் மாவோவுக்கு அடுத்த இடத்தில் இருந்த லியூ ஷாவோசி எப்படி அப்படி அடியோடு சாய்ந்தார் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக நானும் அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைப் போல ஆயுசு முழுக்க ஆலைச் சங்கத்தில் கிடந்தவனிடம்தான் இதைப் பேச முடியும்.

1922 செப்டம்பரில் சீனாவின் அன்யுவான் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். 'நேற்று வரை மாடாக உழைத்தோம், இனி மனிதராக வாழ்வோம்' என்பதுதான் அவர்களுடைய முழக்கம். லியூவுக்கு அப்போது 23 வயது. பேச்சுவார்த்தைக்கு உள்ளே போனவர் அவர்தான். வெளியே தொழிலாளர் கூட்டம் கட்டடத்தைச் சூழ்ந்து நின்றது. ஐந்தே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அங்கிருந்து படிப்படியாக ஏறி, 1959இல் சீனக் குடியரசின் தலைவரானார்.

ஆனால் அந்த ஏற்றத்துக்குள்ளேயே வீழ்ச்சியும் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. 1945ஆம் ஆண்டுக் கட்சி மாநாட்டில் மாவோவின் சிந்தனையே கட்சிக்கு வழிகாட்டி என்று அமைப்புச் சட்டத்தில் எழுதி, அதை முன்மொழிந்து பேசியவர் லியூ. 1959இல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தில், விவசாயத்தையும் தொழிலையும் ஒரே தாவலில் வளர்க்க மாவோ கொண்டுவந்த பாய்ச்சல் திட்டம் தப்பாகப் போகிறது என்று மாவோவுக்குக் கடிதம் எழுதிய தளபதி பெங் தெகுவாயைக் குதறினார்களே, அப்போதும் இவர் மாவோ பக்கம்தான். பக்கத்திலிருந்த தோழனுக்காக அன்று வாய் திறந்திருக்கலாம். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே மனிதர்தான் 1961இல் தன் சொந்த மாகாணமான ஹூனானுக்குப் போனார். அந்தப் பாய்ச்சல் திட்டத்தைத் தொடர்ந்து வந்த பஞ்சம் கடுமையாக இருந்த நேரம். நாட்டின் தலைவர், ஒரு பன்றிப் பண்ணையின் தீவனக் கொட்டகையில் தங்குகிறார். வழியில் காய்ந்து கிடந்த மனித மலத்தைக் கிளறிப் பார்க்கிறார். தானியமே இல்லை, எல்லாம் நார். ஊர் என்ன சாப்பிடுகிறது என்று அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சொந்த ஊரிலும் ஜனங்கள் முன்னால் நின்று, நாங்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, மன்னியுங்கள் என்று கேட்டார். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நாலரைக் கோடி என்பாரும் உண்டு. 1962 ஜனவரியில் ஏழாயிரம் ஊழியர்கள் கூடிய மாநாட்டில், பஞ்சத்துக்குக் காரணம் மூன்று பங்கு இயற்கை, ஏழு பங்கு மனிதன் செய்தது என்று ஹூனான் விவசாயிகள் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னார். இந்த லியூவுக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன், சண்முகம்.

மாவோ அதை மறக்கவில்லை. 1966 மே மாதம், கட்சிக்குள்ளேயே எதிரிகளைத் தேடி வேட்டையாடிய கலாச்சாரப் புரட்சியைத் தொடங்கிவைத்த அறிக்கையை நிறைவேற்றிய கூட்டத்துக்கு லியூதான் தலைமை. மாவோ துரோகியாகப் பார்த்த சோவியத் தலைவர் குருசேவ் மாதிரி ஆட்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று அந்த அறிக்கையில் இருந்தது. 'சீனத்துக் குருசேவ்' என்ற பட்டம் பிறகு அவர் தலையிலேயே விழுந்தது.

1967 ஆகஸ்டில், அவர் குடியிருந்த வளாகத்திலேயே கூட்டம் கூட்டி அடித்து இழுத்தார்கள். அதன்பின் அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்து, என்னை என்ன செய்தாலும் சரி, குடியரசுத் தலைவர் பதவிக்குரிய மரியாதையை நான் காக்க வேண்டும் என்றார். ஒரு பயனும் இல்லை. ஒரு மனிதரைச் சட்டத்துக்கு மேலே தூக்கி வைத்த கைகளில் அவருடைய கையும் ஒன்று.

1968 அக்டோபரில் கட்சியை விட்டு நீக்கினார்கள். துரோகி, உளவாளி, வேலைநிறுத்தத்தை உடைக்கிற கருங்காலி என்று குற்றச்சாட்டு. அன்யுவான் வேலைநிறுத்தத்தை நடத்தியவனைக் கருங்காலி என்றார்கள்! நம் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வசவு உண்டா? எனக்கு அந்த இடத்தில் படிப்பே ஓடவில்லை.

மறு வருஷம் நிமோனியாவோடு விமானத்தில் கைஃபெங் நகருக்குக் கொண்டுபோய் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் போட்டார்கள். நவம்பர் 12ஆம் தேதி இறந்தார். எரியூட்டிய இடத்துப் படிவத்தில் வேறு பெயர், தொழில் என்ற இடத்தில் 'வேலை இல்லை'. மனைவி வாங் குவாங்மெய் சிறையில் இருந்தார். 1972 வரை பிள்ளைகளுக்கே சாவு தெரியாது. 1980இல் கட்சி எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ரத்து செய்தது. அவர் விரும்பியபடி சாம்பலைக் கடலில் தூவினார்கள்.

ஒரு விஷயம் மட்டும் உனக்காகவே வைத்திருந்தேன். நீக்கும் தீர்மானத்துக்கு மத்தியக் குழுவில் எல்லோரும் கை தூக்கினார்கள், ஒருவர் தவிர. சென் ஷாவோமின் என்ற பெண். சிறு வயதில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், பிறகு ஜவுளித் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை வகித்தவர். ஏன் கை தூக்கவில்லை என்று கேட்டதற்கு, அது என் உரிமை என்றாராம். லியூ மீதான பழி துடைக்கப்படுவதைப் பார்க்காமலே 1977இல் இறந்துபோனார்.

உங்கள் சங்க நூலகத்தில் பழைய சீன வெளியீடுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றனவா? இந்த அம்மாவைப் பற்றி எதாவது கிடைத்தால் எடுத்து வை. பொங்கலுக்கு அப்புறம் வரும்போது உட்கார்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
கதிரேசன்