'கெட்டோ'வைத் தமிழில் பாடவைத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

மூன்று நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டைத் தமிழில் கொண்டுவர நமக்கு நான்கு மாதம் பிடித்தது. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1969-ல் பாடிய 'இன் த கெட்டோ'. பனி கொட்டும் சிகாகோ காலையில், 'கெட்டோ' என்கிற ஏழைகளின் பேட்டையில் ஒரு குழந்தை பிறக்கிறது, தாய் அழுகிறாள். மூக்கு ஒழுகத் தெருவில் விளையாடும் அந்தப் பையன் வளர்ந்து, திருடப் பழகி, துப்பாக்கியும் கையுமாகத் தெருவில் குப்புற விழுந்து சாகிறான். அந்த நேரத்திலேயே இன்னொரு குழந்தை பிறக்கிறது.

முதல் நன்றி நூலகத்து அக்காவுக்கு. 'கெட்டோ' வரும் இடத்தில் நான் 'குடிசையோரம்' என்று எழுதி, சந்தம் சரியாக விழுந்த சந்தோஷத்தில் இருந்தேன். அக்கா ஒரு படத்தை என் முன்னால் வைத்தார்கள். சிகாகோவின் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு: 1962-ல் கட்டி முடித்த 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி. "இதுல குடிசை எங்க இருக்கு?" என்றார்கள். சரி, 'சேரி' என்று போடலாமா? சங்கப் பாட்டில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். இன்று அந்தச் சொல் நம் காதில் சாதியோடுதான் விழும். சிகாகோவில் கறுப்பின மக்களை ஒரே பகுதிக்குள் அடைத்தது நிறவெறி. வெளியே வீடு விற்க மறுத்தார்கள். உள்ளே வீடு வாங்க வங்கிகள் கடன் தர மறுத்தன. அந்தக் கதையை நம் சொல் விழுங்கிவிடக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றார்கள். 'கெட்டோ' அப்படியே நின்றது.

அப்புறம் தமிழாசிரியர் அம்மா. நாம் கண்ணிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா என்று பாட்டு கேட்கும் இடத்தில், 'உலகம் முகம் திருப்பியதோ' என்று எழுதியிருந்தேன். அம்மா பென்சிலால் 'உலகம்' என்பதை அடித்து, மேலே 'நாம்' என்று எழுதினார்கள். பாட்டுக்கு உயிர் வந்தது அங்கேதான். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1966-ல் சிகாகோவின் ஏழைப் பகுதியிலேயே வாடகைக்குக் குடியேறிப் போராடியதையும் அன்றுதான் சொன்னார்கள். அவர் 1968 ஏப்ரலில் மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஜனவரியில் அதே ஊரில்தான் இந்தப் பாட்டு பதிவானது. அதைக் கேட்ட பிறகு எனக்குப் பல்லவி நடுங்காமல் வரவில்லை.

கிட்டார் தம்பி, நீ உன் வித்தையை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஒற்றைக் கம்பிகளை மட்டும் மீட்டினாய். பின்பாட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் தேர்வு நேரத்திலும் ஒத்திகைக்கு வந்தீர்கள். உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் உடனே கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நன்றி. அந்தப் பென்சில் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பாட விரும்பும் யாருக்கும் நகல் தருகிறேன். 'நாம்' என்பதை மட்டும் மாற்றாமல் பாடுங்கள்.